கடன் கழிக்கிற பிள்ளை

தர்ப்பையை முறுக்கிக்கொண்டே குருக்கள் கேட்டார். “ஆம்பிளைப்பிள்ளை இல்லை. அப்ப அப்பாவின்ரை கடனைப் பிள்ளைதான் கழிக்கவேணும், என்ன?”

கோசிகாவின் முகம் செத்துப்போயிற்று. தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மண்டபத்தின் பக்கத்து அறைக்குள் போனாள்.

“அம்மா, ஐயருக்கு எப்பிடித் தெரியும்?”

“என்ன தெரியும்?”

“நான் லோன் எடுத்தது.”

ஜெகதீஸ்வரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூன்று கிழமையாக நித்திரையில்லை. இந்த லண்டனில் செத்தவரை எரிக்கவும் வரிசையில் நிற்கவேண்டியிருக்கிறது. குருக்கள் சொன்னது ஈமக்கடனை என்று விளக்கப்போனவள் பாதியில் நிறுத்தினாள்.

“நீ என்ன லோன் எடுத்தனீ?”

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். முதலாம் வருஷத்திலிருந்தே மெடிசின் படிப்புக்கு அரசாங்கக் கடன்தானாம். பீஸ் கட்டச்சொல்லி அப்பா தந்த காசில் ஒரு சதம் தொடவில்லையாம். எல்லாம் அப்படியே பாங்கில் கிடக்கிறதாம்.

கடன் என்ற சொல்லே தகப்பன் புவனேந்திரனுக்கு ஆகாது. லண்டனுக்கு வரமுன்னம், ஜெர்மனிக்குப் போக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்குப் பட்ட கடன் அவருடைய பன்னிரண்டு வருஷத்தைத் தின்றது. என்ரை பிள்ளை கடன்காரியா டொக்டராகக் கூடாது என்று, விடியப்புறம் கிழக்கு லண்டனில் வெயார்ஹவுஸ், பின்னேரம் இல்ஃபோர்டில் பெற்றோல் ஸ்டேஷன் என நாலு வருஷம் மாடாய் உழைத்தார். நெஞ்சு நோகுது என்று சொன்ன அன்றைக்கும் ஷிப்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை.

“அப்ப அந்த மனிசன் ஏனடி ஓடினது?” ஜெகதீஸ்வரிக்குக் குரல் கிழிந்தது. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீட்டிலை இருந்திருப்பாரே!”

“இருந்திருக்க மாட்டார், அம்மா. லோன் எண்டு தெரிஞ்சா அதைக் கட்ட இன்னும் ஓடியிருப்பார். பாஸ் பண்ணின அண்டைக்கு முழுக்காசையும் அவரின்ரை கையிலை குடுத்து, இனி வேலைக்குப் போகாதேங்கோ எண்டு சொல்லத்தான் வச்சிருந்தனான். இன்னும் ஒரு வருஷம்தானே எண்டு…”

பளாரென்று ஒன்று போடவேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. ஜெகதீஸ்வரியிடம் இரண்டுக்கும் தெம்பில்லை. “நல்ல அப்பாவும் மகளும்,” என்றாள்.

கதவைத் தட்டிவிட்டுச் சண்முகராசா எட்டிப்பார்த்தார். புவனேந்திரனோடு வெயார்ஹவுசில் வேலைசெய்தவர். இரங்கலுரை அவருடையது. கையில் ஒரு கடதாசி வைத்திருந்தார்.

“தங்கச்சி, ஒரு விசயம். ஒரு சதம் கடனில்லாமல் மகளை டொக்டருக்குப் படிப்பிச்ச மனிசன் எண்டு எழுதியிருக்கிறன். சிலபேர் வீட்டுக் கதையை வெளியிலை சொல்ல விரும்பாயினம். சொல்லலாமோ?”

கோசிகா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மண்டபத்தில் தேவாரம் தொடங்கிவிட்டது.

“ஓம் அண்ணை,” என்றாள் ஜெகதீஸ்வரி. “அவருக்குக் கேக்கிற மாதிரி உரத்துச் சொல்லுங்கோ.”

சண்முகராசா பேனையை எடுத்து, கடதாசியைக் கதவில் வைத்து, அந்த வரியின் கீழே ஒரு கோடு இழுத்தார்.