இடது கால்

“இழை அறுந்திட்டு மகள், வந்து கட்டித் தாவன்,” என்று தறியிலிருந்து உம்மா கூப்பிட்டாள். றபீக்கா முடிச்சைப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சோறு வடிக்கும்போதுதான் தறிச் சத்தம் நின்றிருப்பது உறைத்தது. உம்மா நெய்த துணியின் மேல் தலை சாய்த்திருந்தாள். மூச்சு இல்லை.

மையித்துக் குளிப்பாட்ட ஆயிஷா உம்மா வந்தாள். உம்மாவின் கூட்டாளி, காத்தான்குடியில் எத்தனையோ பெண்களைக் குளிப்பாட்டி அனுப்பியவள். மறைப்புக்குள் அவள் கழுவ, றபீக்கா தண்ணீர் வார்த்தாள். வலப்பக்கம் முடிந்து இடது காலுக்கு வந்ததும் ஆயிஷா உம்மா துணியை றபீக்காவிடம் நீட்டினாள்.

பதினொரு வருடத்துக்கு முன் நாளங்கள் புடைத்து, வேர்போல் முறுக்கிக் கிடந்த கால் அது. கணுக்காலுக்கு மேலே ஆறாத புண். அட்டை விட்டார்கள், பரியாரியார் எண்ணெய் கொடுத்தார், நாளத்துக்குள் ஊசி மருந்தும் ஏற்றியாயிற்று. கடைசியில் றபீக்காதான் அழுது அடம்பிடித்துப் பட்டணத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனாள்.

“முந்திக் காலத்தில சீமையில காலச் சுத்திக் கிழிச்சாங்க. இப்ப தொடையடியில நாளத்தக் கட்டி, கீழ சின்னச் சின்னதா வெட்டினாக் காணும்,” என்றார் டாக்குத்தர்.

வீடு திரும்பிய அன்று உம்மா ஒன்றே ஒன்று சொன்னாள்: “அந்நிய ஆம்பிளைக்கு முன்னால என்னக் கிடத்திட்டாய்.” பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. காலையும் காட்டவில்லை. மன்னித்தாளா என்று கேட்க றபீக்காவுக்கு வாய் வரவில்லை. இனிக் கேட்க ஆளுமில்லை.

“நீங்களே கழுவுங்க மாமி.”

“நான் தொட ஏலா புள்ள. இந்தக் கால நீதான் கழுவோணுமாம். என்னட்டச் சொல்லி வச்சவ.”

“கோவத்திலயா?”

“கோவமா? விசரி! முந்தானையால முகத்த மூடித்து டாக்குத்தருக்குக் காலக் காட்டின கதையச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. உன்னட்டச் சொல்லத்தான் வெக்கம்.” ஆயிஷா உம்மா செம்பை நிரப்பினாள். “அதுக்கு முந்தி நிக்க ஏலாம இரிந்துதானே தொழுதவ. பொறகு சுபஹுத் தொழுகைக்கு எழும்பி நிக்கக்குள்ள எல்லாம் உன்ட பேரச் சொல்லித்தான் துஆக் கேட்டவ. வாரு தண்ணிய.”

றபீக்கா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, போர்த்தியிருந்த சேலைக்கு அடியில் விட்டாள். தொடையடியில் ஒரு தழும்பு. கீழே சின்னச் சின்னதாக ஐந்து. ஒவ்வொன்றையும் மெதுவாகக் கழுவினாள். கணுக்காலுக்கு மேலே, புண் இருந்த இடத்தில், கை தானாகவே மெதுவானது.

புண் எப்போதோ ஆறி, தோல் வழுவழுப்பாக மூடியிருந்தது.