ஜங்காரில் மட்டும் மக்கர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு ஹாரன் சத்தத்தில்.

ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பின் தீவுக்குப் போகும் ஜங்காரில் நின்றிருந்தேன். (ஜங்கார் என்றால் கார், லாரி, மனிதர் எல்லாரையும் ஒரே தட்டில் வாரிக்கொண்டுபோய் அக்கரையில் கொட்டும் படகு. கொச்சிக்காரர்கள் இந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போகலாம்.) எனக்கு முன்னால் அகலமான ஒரு வெள்ளை வேன். கரை வந்தது, படகின் வாய்ப்பலகை இறங்கியது, வேன் மட்டும் கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் மொத்தமும் ஹாரனில் கையை வைத்தார்கள். கடைசியில் படகுக்காரர்களே தள்ளிக் கரையேற்றினார்கள். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தது. அதைப் பிடித்திருந்த பெண் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தொடர்கதை எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? நான் கரையிறங்குவதற்குள் வேனுக்குள் ஒரு பிணத்தை வைத்துவிட்டேன்.

வேனின் பின்கதவு இடுக்கிலிருந்து ஒரு துளி சொட்டியது. சிவப்புத் துளி. அதைக் கவனித்தது ஒரே ஒரு ஜோடிக் கண்—

அந்த வரியை அடித்துவிட்டேன். கியர்பாக்ஸ் எண்ணெயும் சிவப்பாகத்தான் இருக்குமாம். உள்ளே இருந்ததும் பிணமில்லை. டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பும் நாலைந்து பேர், உயிரோடு, வியர்த்துப்போய்.

2

அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. அமுதவள்ளி என்று வைக்கிறேன். இனி நான் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறேன்.

அமுதவள்ளி தென்காசிப் பக்கம். கல்யாணம் அவளை மட்டாஞ்சேரிக்குக் கொண்டுவந்தது. கொண்டுவந்தவர் காலமாகிவிட்டார், அவள் இருந்துவிட்டாள். வேன் அவளுடையதுதான். அமெரிக்காவில் செய்தது, ஏதோ ஒரு அறக்கட்டளைக்கு நடமாடும் மருத்துவமனையாகக் கப்பலில் வந்து, பழசாகி, ஏலத்தில் நின்றது. இவ்வளவு அகலமான வண்டியில் நோயாளி காலை நீட்டிக்கொண்டு போகலாமே என்று அவளுக்குத் தோன்றியது. காலையில் வைப்பினிலிருந்து ஆட்களை ஏற்றி இக்கரை ஆஸ்பத்திரியில் விடுவாள். மதியத்துக்கு மேல் திரும்பக் கொண்டுபோய் விடுவாள். அதுதான் பிழைப்பு.

காலையில் வரிசையும் குறைவு, வண்டியும் தங்கம். ஒரு திருகில் பிடிக்கும். திரும்பும்போதுதான் சனி. அந்த நேரத்தில் ஜங்காருக்கு வரிசை தெரு முனை தாண்டும். ரத்தம் சுத்தம் பண்ணிக் களைத்தவர்கள் புழுங்கக் கூடாதென்று, ஏ.சி.க்காக எஞ்சினை ஓடவிட்டபடியே காத்திருப்பாள். படகில் ஏறியதும் எஞ்சினை அணைக்க வேண்டும். அது படகின் சட்டம். அக்கரையில் சாவியைத் திருப்பினால் வண்டி செத்த மாதிரி கிடக்கும். எல்லாரும் திட்டி முடித்து, வெயில் சாய்ந்த பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

‘தண்ணீருக்கு மேலே மட்டும் ஓட மறுக்கும் வண்டி.’ என் தொழிலில் இதைவிட நல்ல முதல் வரி கிடைக்காது. (பயன்படுத்தவில்லை. அது ஓட மறுக்கவில்லை, கிளம்ப மறுத்தது. இரண்டும் வேறு என்பது அப்போது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.)

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உப்புக்காற்று ஒயரைத் தின்கிறது என்றார் ஒருவர். டீசலில் தண்ணீர் என்றார் இன்னொருவர். ஞாறக்கல் கமலாக்ஷி, வண்டியிலேயே மூத்த பயணி, ஒருகாலத்தில் இது ஆஸ்பத்திரி வண்டிதானே, உள்ளே போய்ச்சேர்ந்த யாரோ ஒருத்தருக்குக் கடலைத் தாண்டப் பயம் என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டாள்.

அமுதவள்ளி சிரிக்கவில்லை. படகில் கயிறு பிடிக்கும் ஆன்டப்பன் சற்று முன்புதான் ஜன்னலருகே வந்து, கோபமே இல்லாமல் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

“சேச்சி, இனி ஒரு வட்டம்கூடி கிடந்நால் நம்மள் கேற்றில்ல.”

இன்னொரு தடவை படுத்தால் ஏற்ற மாட்டோம். ஏற்றாவிட்டால் தோப்பும்படி, எறணாகுளம் நெரிசல், பாலம் மேல் பாலம், வல்லார்பாடத்துக் கன்டெய்னர் லாரிகள் என்று ஊரையே சுற்ற வேண்டும். ஊசி குத்திய கையைக் கட்டோடு மடியில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் யார் உட்காருவார்கள்? ஜங்காரில் ஏறுகிற வேறு வண்டியாகப் பார்த்துக்கொள்வார்கள். அவள் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வாள்.

3

அடுத்தது மெக்கானிக். இவனிடம் எனக்குச் சிக்கல்.

இசக்கிதுரை, நாங்குநேரிக்காரன். பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்குக்குப் பின்னால் பட்டறை. முதல் பிரதியில் இவனை வில்லனாக்கியிருந்தேன். கோளாறு தெரிந்தும் மறைக்கிறான், வேனை அடிமாட்டு விலைக்கு வளைக்கப் பார்க்கிறான், பின்னணியில் ஒரு கடத்தல் கும்பல். மூன்று பக்கம் எழுதிய பிறகு, அவன் அமுதவள்ளியை எப்படிக் கூப்பிடுவான் என்று யோசித்தேன். “அக்கா” என்றுதான் வந்தது. வேறு எப்படி மாற்றிப்பார்த்தும் வாயில் ஒட்டவில்லை. கும்பலைக் கலைத்து அனுப்பிவிட்டேன்.

ஆகவே இவன் நல்லவன். நல்லவன் என்பதால்தான் கோளாறு அகப்படவில்லை. எப்படி என்று கேளுங்கள்.

வண்டி ஜங்காரில் படுத்த நாட்களில், ஆட்களை வீட்டில் விட்டுவிட்டு, மறுபடி படகேறப் பயந்து, பாலம் சுற்றி நேரே பட்டறைக்கு வருவாள். எஞ்சின் அப்போது அனலாக இருக்கும். இசக்கிதுரை என்ன செய்வான்? ஸ்டூலைத் துடைத்துப் போடுவான். முக்குக் கடைக்குக் குரல் கொடுப்பான். “சாயா குடிங்கக்கா. வண்டி எங்க ஓடிரப் போகுது?” சாயா வரும், கூடவே பருப்புவடை வரும். வாரம் முழுக்க மலையாளம் பேசிய நாக்குக்குத் தமிழ் கிடைத்தால் சும்மா வருமா? ஊரில் யார் வீட்டில் விசேஷம், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, குற்றாலத்தில் இந்த வருஷம் சாரல் எப்படி, எல்லாம் அலசி முடித்துத்தான் அவன் எழுந்து சாவியைத் திருப்புவான்.

முதல் திருகில் பிடிக்கும்.

பாட்டரி மாற்றினான். டீசல் ஃபில்டர் மாற்றினான். ஒயரை எல்லாம் பிரித்துச் சுற்றினான். எஞ்சின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். அதுவும் நல்ல வார்த்தையே சொன்னது. ஒவ்வொரு தடவையும் வண்டி அவன் முன்னால் பள்ளிக்கூடத்து முதல் பெஞ்சு மாதிரி நடந்துகொண்டது. இப்போது ஆன்டப்பன் சொன்னதோடு அவள் வந்து நிற்கிறாள்.

4

அன்று அவள் ஸ்டூலில் உட்காரவில்லை. எஞ்சினை அணைத்தாள், சாவியை அவன் முன்னால் நீட்டினாள்.

“சாயா வேண்டாம் தம்பி. இப்பவே திருப்பு.”

“கையக் கழுவிட்டு—”

“கழுவாண்டாம்.”

திருப்பினான். ஸ்டார்ட்டர் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எஞ்சின் மூச்சு விடவில்லை. இசக்கிதுரையின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

“சிரிக்கியா நீ?” என்றாள்.

“இல்லக்கா. இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் ஆள் கையில சிக்கியிருக்கான்.”

இந்த வேனில் எஞ்சினின் பாதி, முன்சீட்டுகளுக்கு நடுவே ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். மூடியைத் தூக்கியதும் அனல் முகத்தில் அடித்தது. ஸ்கேனரை மாட்டி அவளைத் திருப்பச் சொன்னான். ஆயிலின் அழுத்தம் காட்டும் ஒரே ஒரு நம்பரைத்தான் பார்த்தான். அது ஏற வேண்டிய உயரத்துக்கு ஏறவே இல்லை.

(இங்கே ஒரு விளக்கம் தேவை. வாரப்பத்திரிகையாக இருந்தால் ஆசிரியர் இதைத்தான் முதலில் வெட்டுவார். சாதாரண டீசல் எஞ்சினில் எஞ்சின் ஆயிலுக்கு வேலை உராய்வைக் குறைப்பது. இந்த எஞ்சினில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரு பம்ப் அந்த ஆயிலைப் பிடித்து நெருக்கி, பெரிய அழுத்தத்தில் மேலே அனுப்பும். அந்த ஆயில்தான் இன்ஜெக்டரை அமுக்கும். அமுக்கினால்தான் டீசல் தெளிக்கும். ஊசி போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மருந்து டீசல், அமுக்கும் கட்டைவிரல் ஆயில். எங்கேயாவது கசிந்தால் கட்டைவிரலுக்குப் பலம் போய்விடும். ஆறிய ஆயில் கெட்டி, கசிவு கொஞ்சம்தான், சமாளிக்கும். சூடான ஆயில் தண்ணீர், ஓடிவிடும். எஞ்சின் ஓடும்போது பம்ப் வேகமாகச் சுற்றி இழப்பை ஈடுகட்டும். அணைத்துவிட்டு ஸ்டார்ட்டரின் மெதுவான சுற்றில் மறுபடி ஆரம்பிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அதாவது சூடாக அணைத்துச் சூடாகத் திருப்பினால் மட்டும். அதாவது ஜங்காரில்.)

பிறகு அவன் செய்தது சின்ன வேலை. அழுத்தத்தை அளக்கும் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டான். ஆயில் ஊற்றும் வாயில் ஒரு ரப்பர் குழாயை நுழைத்து, மறு நுனியைக் காதில் வைத்தான். பிறகு அவள் காதிலும் வைத்தான். உள்ளே, வலப்பக்கத்தில், யாரோ பல்லிடுக்கில் காற்றை இழுப்பது போல ஒரு சீறல்.

“இதுதானா?”

“இதுதான்க்கா.”

 இத்தனை மாதமும் சாயாவைக் குடித்துக் குடித்து இதை நாமேதான் ஆறவைத்திருக்கிறோம் என்று நினைத்தாள். அவனும் அதையேதான் நினைத்திருப்பான். 

5

ஆயிலை மேலே ஏற்றும் குழாயின் நுனியில் ஒரு ரப்பர் வளையம். அது உடைந்திருந்தது. விரல் நகம் கனம்கூட இல்லை. அசல் வளையம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எப்போது வரும் என்று கேட்டதற்கு இசக்கிதுரை கூரையைப் பார்த்தான். அவன் இரண்டு வழி சொன்னான்.

ஒன்று, கெட்டியான ஆயிலை ஊற்றுவது. மீன்பிடிப் படகுக்காரர்கள் பழைய எஞ்சினுக்குச் செய்வது. சில வாரம் கசிவு தெரியாது, ஜங்காரிலும் கிளம்பும். ஆனால் இன்ஜெக்டர்கள் ஒவ்வொன்றாகப் போகும். இன்னொன்று, தோப்பும்படியில் மீன்பிடிப் படகுகளுக்கு ஹைட்ராலிக் சாமான் விற்கிற கடையில் இதே அளவில் வளையம் கிடைக்கிறது, அதைப் போடுவது.

“சூடு தாங்குமா?”

“தாங்கும்னு கடைக்காரன் சொல்றான். நான் சொல்லலக்கா.”

அவள் வளையத்தைப் போடச் சொன்னாள். அவன் சொன்ன அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்காகத்தான் என்று நினைக்கிறேன். (‘நினைக்கிறேன்’ என்று எழுதக் கூடாது. எழுத்தாளனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.)

போட்டான். பட்டறையில் வண்டியைச் சூடேற்றிச் சூடேற்றி அணைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் பிடித்தது. ஆனால் கொச்சி வெயிலில், ஏ.சி. போட்டு, அவ்வளவு நீள வரிசையில் நிற்கிற சூடு பட்டறையில் வராது.

6

இப்போது முடிவு. எனக்கு வேண்டிய முடிவு தயாராக இருந்தது. இதோ:

வேன் நிறைய நோயாளிகள். பின்சீட்டில் கமலாக்ஷிக்கு மூச்சு வாங்குகிறது. ஜங்கார் கரை தொட்டது. பின்னால் ஹாரன்கள். ஆன்டப்பன் கைகளைக் கட்டிக்கொண்டு பார்க்கிறான். அமுதவள்ளி சாவியைத் திருப்பினாள். எஞ்சின்—

இங்கேதான் நிறுத்துவோம். முப்பது வருஷமாக இப்படித்தான் நிறுத்தியிருக்கிறோம். அடுத்த வாரம் கிளம்பிவிடும், எல்லாரும் மூச்சு விடுவார்கள்.

அமுதவள்ளி இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

எத்தனை தடவை எழுதினாலும், ஆட்களை ஏற்றியபடி அவள் ஜங்கார் வரிசைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இருந்து வண்டியைத் தோப்பும்படிப் பக்கம் திருப்பினாள். கமலாக்ஷி மட்டும், “மோளே, ஜங்கார் இல்லே?” என்று கேட்டாள். இன்று ஒரு நாள் சுற்றிப் போவோம் என்றாள் அமுதவள்ளி. பின்னால் முணுமுணுப்பு. ஒருவர் பெருமூச்சைச் சத்தமாகவே விட்டார். அவள் கேட்டுக்கொண்டே ஓட்டினாள். என் முடிவுக்காக மூச்சு வாங்க வேண்டிய ஒருத்தியை, லாரிகளுக்கு நடுவே, அலுங்காமல் வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள்.

எனக்கு முதலில் கோபம். பிறகு வெட்கம்.

7

ஆட்களை இறக்கிவிட்டு அவள் வைப்பின் ஜெட்டி வரிசைக்கு வந்தாள். பக்கத்து சீட்டில், ஆஸ்பத்திரியிலிருந்தே கூட வந்த இசக்கிதுரை. பின்சீட்டுகள் காலி, ஆனாலும் ஏ.சி. ஓடியது. அவள்தான் அணைக்க விடவில்லை. மற்ற நாள் எப்படிச் சூடேறுமோ அப்படியே ஏறட்டும் என்றாள்.

வரிசை நகர்ந்தது. ஆன்டப்பன் பலகையருகே நின்று வேனுக்குள் எட்டிப் பார்த்தான். ஆளில்லையா என்று கேட்டான். இன்று நானும் இவனும் மட்டும்தான், படுத்தால் எங்களோடு போகட்டும் என்றாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடைசி வண்டியாக நிற்கும் இடத்தைக் காட்டினான். அங்கே நின்றால் பின்னால் யாரும் மறிபட மாட்டார்கள்.

எஞ்சினை அணைத்தாள். படகு நகர்ந்தது. எஞ்சின் பெட்டியின் மேல் வைத்த கை சுட்டது. இசக்கிதுரை ஸ்கேனரை மடியில் விரித்தான்.

“அதை மூடி வை தம்பி. நம்பரைப் பாத்துட்டு என்ன பண்ணப் போறோம்?”

மூடி வைத்தான். எதிரே ஃபோர்ட் கொச்சிக் கரை பெரிதாகிக்கொண்டே வந்தது. இனி வளையம் தாங்கினால் நாளை எல்லாரும் இந்தப் பாதையில் வீடு போகலாம். தாங்காவிட்டால் அவள் நாளையிலிருந்து யாரையும் ஏற்றப் போவதில்லை. அதை அவள் முடிவு செய்துவிட்டாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வளையத்தைப் பற்றி நான் எது எழுதினாலும் அது கடைக்காரன் சொன்னதுபோல இருக்கும்.

பலகை இறங்கியது. முன்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அமுதவள்ளி கண்ணாடியில் பார்த்தாள். ஆன்டப்பன் கயிற்றைப் போட்டுவிட்டு வேனின் பின்பக்கம் போனான். இன்னும் இரண்டு படகுக்காரர்கள் வந்தார்கள். மீன்கூடையை ஓரமாக இறக்கிவைத்துவிட்டு ஒரு பெண்ணும் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அவள் இன்னும் சாவியைத் தொடக்கூட இல்லை. நாலு பேரும் பின்கதவில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு நின்றார்கள்.

பின்கதவு அகலமானது. இன்னும் ஒருவருக்கு இடமிருக்கிறது. வந்து கை வையுங்கள். அவள் சாவியைத் திருப்பப் போகிறாள்.