காலி வேகனின் உயரம்

மனித குலம் இதுவரை செய்த காரியங்களிலேயே உருப்படாதது பொம்மை ரயில் கட்டுவதுதான் என்று தம்பி தீர்ப்புச் சொன்னான். போர்களைக்கூட அதற்கு அடுத்த இடத்தில்தான் வைத்தான்.

"போர்ல யாராவது ஒருத்தன் ஜெயிக்கவாவது செய்றான், ண்ணா."

அண்ணன் நிமிரவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். கடை விட்டால் வீடு, வீட்டுக்கு வந்தால் இந்த மேசை. அதில் பாதிக்கு மேல் தண்டவாளம். நடுவே ஐஸ் குச்சியும் அட்டையுமாக நிலக்கரி ஏற்றும் கூடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது: நான்கு கால், மேலே தொட்டி, அடியில் சரிவுக் குழாய். குழாய்க்குக் கீழே வேகன் வந்து நிற்க வேண்டும். கடையில் தயாராக விற்பதை வாங்கமாட்டேன் என்று குச்சி குச்சியாகச் சீவிக்கொண்டிருந்தான்.

காரணம் அண்ணி. நோய்ப் படுக்கையில் உட்கார்ந்தபடியே அடுப்புக்கரியை இடித்து, டீ வடிகட்டியில் சலித்து, ஒரு ஜாம் பாட்டில் நிறைய வைத்திருந்தாள். "கரி ரெடி. கொட்டறதுக்கு எடத்த நீங்க கட்டுங்க" என்றாள். கூடத்துக்கு முதல் கால் நடுவதற்குள் அவள் போய்விட்டாள்.

அண்ணன் கன்னத்தை மேசையில் ஒட்டி, ஒற்றைக் கண்ணை மூடி, வேகனைத் தள்ளியபடி "கூ" என்றான்.

"நாப்பது வயசு ஆளு மேசையில கன்னத்த வெச்சுக்கிட்டு கூங்கறான். வீட்டுக்கு யாரையாவது கூட்டிட்டு வர முடியுதா?"

"கூட்டிட்டு வர உனக்கு யாருடா இருக்கா, புரொபசர்?"

புரொபசர் என்பது அண்ணி வைத்த பெயர்.

கூடம் முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் முதன்முறையாகப் பாட்டிலைத் திறந்தான். வேகனில் கரியைக் கூம்பாகக் குவித்து, பசைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டான். காய்ந்தால் கல், இனிப் பாட்டிலுக்குத் திரும்பாது. சாயங்காலம் வேகனைத் தள்ளினான். குவியலின் உச்சி குழாயில் இடித்தது. ஒரு கால் முறிந்து கூடம் சாய்ந்தது.

"அளக்கவே இல்லையா?"

"அளந்தேன்டா. காலி வேகன வெச்சு."

"கரியப் போட்டு அளந்திருக்கலாமே?"

"பாட்டிலத் தொறக்க மனசு வரல."

லென்ஸில் நூலளவு பிசகாதவன் அவன். ஒரு பழைய துண்டை எடுத்து எல்லாவற்றையும் மூடினான்.

"நாளைக்குக் குப்பை வண்டி வரும்ல? தூக்கிப் போட்டுடு. பாட்டிலையும் சேர்த்து."

தம்பி துண்டின் ஒரு மூலையைத் தூக்கி, முறிந்த காலைப் பார்த்தான்.

மறுநாள் அண்ணன் கடைக்குப் போன பிறகு குப்பை வண்டி வந்து மணியடித்தது. "ஒண்ணும் இல்லீங்க, போங்க" என்று தம்பி ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தான். கல்லூரிக்கு மட்டம் போட்டிருந்தான். முறிந்த காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டினான். நான்கு கால்களுக்கும் அடியில் குச்சிச் சில்லு கொடுத்து உயர்த்தினான். வேகனைத் தள்ளினான், உரசியது. இன்னும் ஒரு சில்லு. இப்போது இடிக்குமா இடிக்காதா என்று தெரியவில்லை. இன்னொரு கால் போனால் கட்ட அவனுக்குத் தைரியமில்லை. நின்று பார்த்தான், குனிந்து பார்த்தான். கடைசியில் கன்னத்தை மேசையில் ஒட்டி ஒற்றைக் கண்ணை மூடினான்.

அண்ணியின் கரிக்கும் குழாய்க்கும் நடுவே மயிரிழை அளவு வெளிச்சம். விரலால் வேகனைத் தள்ளினான். வெளிச்சம் அறுபடவில்லை.

வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி கன்னத்தை வைத்து, மெல்ல, "கூ" என்றான்.