வாய்க்கால் ஓரத்து மூங்கில்

"பந்தி உள்ளதான் போடோணும்…"

"உள்ள ஒருத்தருங் காலெடுத்து வெக்கக்கூடாதுங்கத்தை, மேல பாருங்க…"

"நேரங்காலம் தெரியாமப் பேசாத ரித்திகா! மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பெருந்துறை தாண்டிட்டாங்களாம். இப்பப் போயி மண்டபத்தப் பூட்டறேன்னு நிக்கற!"

"மூங்கில் பொளந்திருக்குதுங்க!"

தெய்வாத்தாள் அண்ணாந்து பார்த்தாள். பூச்சரம் கட்ட ஆள் ஏறியபோது பட்டாசு வெடித்தாற்போல் கேட்டது இதுதான். வளைவைத் தாங்கும் மூங்கில் நீளவாக்கில் வாய் பிளந்து நின்றது.

அந்த மண்டபம் மருமகள் ரித்திகா படித்த கட்டடக்கலைப் படிப்பின் முதல் பெரிய வேலை. இரும்பில்லை, தகரமில்லை, எல்லாமே சொந்தத் தோட்டத்து மூங்கில். இன்றைக்கு அதில்தான் நாத்தனார் மௌனிகாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளையின் அப்பா நஞ்சுண்டன், பீளமேட்டில் பம்பு செட்டு கம்பெனிக்காரர். மண்டபம் பிடித்துவிட்டால் சரவணம்பட்டியில் எழுப்பப்போகும் ஆபீசையும் ரித்திகாவே மூங்கிலில் கட்டலாம் என்று சொல்லியிருந்தார்.

ரித்திகா கைக்கெட்டிய பிளவின் ஓரத்தை ஒடித்தாள். முறுக்கு மாதிரி நொறுங்கியது.

"மருந்துத் தண்ணியில ஊற வெச்சு, நெழல்ல காய வெச்சுத்தானுங்க ஏத்தினேன். இப்படி ஆகாதுங்களே."

"அப்ப உன்ற மருந்துதான் சரியில்ல."

"மருந்து பூச்சிக்குங்க. இது செத்த மூங்கிலாட்டம் நொறுங்குது. வெட்டறப்ப எப்படிங்க இருந்துச்சு?"

"எப்படி இருந்தா என்ன? பூத்து நின்னத ஊட்டுக்கு முன்னால வெச்சு அழகு பாக்கச் சொல்றயா?"

சொன்ன வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள் தெய்வாத்தாள்.

ரித்திகாவுக்குப் புரிந்துவிட்டது. பூத்த மூங்கில் புதரோடு சாகும். நின்றபடியே உளுத்துப்போகும். கொச்சியில் ஒரு வேலையை முடித்து அவள் திரும்பியபோது, வாய்க்கால் ஓரத்துப் புதர் இருந்த இடம் மண் மூடிக் கிடந்தது. இலை கழித்த மூங்கில்கள் அடுக்கியிருந்தன. காற்றில் சாய்ந்துவிட்டது என்றாள் அத்தை. சொந்த மண்ணின் மூங்கில் என்ற பூரிப்பில் அவளும் தோண்டிக் கேட்கவில்லை.

"ஏனுங்கத்தை சொல்லல?"

"பொண்ணு பாக்க வர்ற நேரங் கண்ணு. மூங்கில் பூத்தா அந்த ஊட்டுக்கு ஆகாதும்பாங்க. அங்க பொண்ணெடுப்பாங்களா? ஒருத்தர் கண்ணுல படறதுக்குள்ள வெட்டிப்போட்டேன். உன்ற புருசன் அருளுக்குக்கூடத் தெரியாது. வீணாப் போறதுக்கு உனக்காவது ஆவும்னுதான்… மூங்கில்னா எல்லாம் ஒண்ணுதானே?"

ரித்திகா கதவை இழுத்துப் பூட்டினாள். பந்தி இலையைக் களத்துக்குக் கொண்டுபோகச் சமையல்காரருக்குக் குரல் கொடுத்தாள்.

தெய்வாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூட்டு, வேண்டாங்கல. அவங்க கேட்டா மட்டும் உன்ற வேலையில கொறைன்னு சொல்லிப்போடு அம்மணி. உனக்கு வேற கட்டடம் வரும். அவளுக்கு இந்த எடம் தட்டிப்போச்சுன்னா…"

"எனக்கு எங்கிருந்துங்க வரும்? மூங்கிலே ஆகாதும்பாங்க. இந்தப் பக்கம் இனி எவனுங்க என்னை நம்புவான்?"

"நாத்தனார் கண்ணு அவ."

"தெரியுதுங்க. அதனாலதானே என்ன சொல்றதுன்னு தெரியாம நிக்கறேன்."

கார்கள் வந்து நின்றன. வீட்டு ஜன்னலில் பட்டுப்புடவையோடு மௌனிகா எட்டிப் பார்த்து, அண்ணியைக் கண்டதும் சிரித்தாள். நிச்சயத்துக்கு மாற்றும் உப்புசர்க்கரைத் தட்டை வீட்டுக்குள்ளே கொண்டுபோகச் சொல்லிவிட்டு, நஞ்சுண்டன் நேராக மண்டபத்துக்கு வந்தார். வாசல் மூங்கிலைத் தட்டிப் பார்த்தார், தடவினார். பின்னால் ஊரே நின்றது. தெய்வாத்தாள் தரையைப் பார்த்தாள்.

"அருமையா இருக்குதுங்க அம்மணி! இதுக்குள்ள உக்காரத்தானே இத்தனை பேரைக் கூட்டியாந்தேன், ஏனுங்க பூட்டிப்போட்டீங்க?"