விளக்கோடு துலக்கிய தகடு

திவ்யலட்சுமி பிளக்கைப் பிடுங்கினாள். மீன்தொட்டியின் மேலிருந்த விளக்குப் பெட்டியைத் தூக்கித் தரையில் கவிழ்த்து, ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசி ஸ்க்ரூ மக்கர் செய்தது. நெம்பியதில் உள்ளே இருந்த அலுமினியத் தகடு துள்ளி வந்து அவள் மடியில் விழுந்தது.

 பார்த்ததும் ரத்தம் தலைக்கேறியது.

டியூப்லைட் வெளிச்சத்தில் பாதி மேல்பக்கமாகப் போய் வீணாகும். அதை மடக்கித் தண்ணீருக்குள் அனுப்பத்தான் இந்த வளைந்த தகடு. அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நாகர்கோவில் போகும்போது அதில் முகம் தெரிந்தது. இன்று காலை திரும்பி வந்து பார்த்தால், அடுப்புக்குள் கிடந்து எடுத்ததுபோல் கறுத்துக் கிடக்கிறது. தொட்டிக்குள் அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த சிவப்புச் செடிகள், வாடின கீரைக்கட்டு மாதிரி பழுப்பாகத் தெரிந்தன.

ஷிஜா வேறு கழக்கூட்டம் என்ற ஊரிலிருந்து கிளம்பிவிட்டாள். ஐ.டி. ஆபீஸ்களுக்கு மீன்தொட்டி வைத்துக் கொடுக்கும் மலையாளப் பெண். செடி பிடித்தால், அவளுடைய தொட்டிகள் அத்தனைக்கும் இனி இங்கிருந்துதான் போகும். பிடிக்காவிட்டால் இந்த மேல்மாடியே திவ்யாவுக்கு இல்லை. கணவனின் அண்ணன் ஹரிகுமார் எல்லோரையும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லியிருந்தார். "அந்தப் பொண்ணு எடுத்தா நீயே வச்சுக்கோ. எடுக்கல்லேன்னா அன்னிக்கே காலி பண்ணிரணும். எனக்குக் கோடவுன் வேணும்."

திவ்யா தகட்டோடு படியிறங்கி அடுக்களைக்குள் பாய்ந்தாள். ஹரிகுமாரின் மனைவி கிருஷ்ணவேணி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! இதத் தொட்டது யாரு?"

"நான்தான்." கிருஷ்ணவேணி நிமிரவில்லை. "உப்புப் பிடிச்சுக் கிடந்ததாம். வியாழக்கிழமை விளக்கு தேய்க்கையில கூடப் போட்டு எடுத்தேன்."

"எதப் போட்டுத் தேச்சிய?"

துருவல் நின்றது. "அலக்குகாரம்."

துணி வெளுக்கிற சோடா! அலுமினியத்துக்கு அதைவிடப் பெரிய எமன் கிடையாது. பளபளப்பை அரித்துத் தின்றுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். இந்த வீட்டின் கீழ்த்தளமோ, ஆரியசாலைக் கடைவீதியில் பேர்போன அலுமினியப் பாத்திரக் கடை.

"அலுமினியம் வித்துத்தானே இந்த அடுப்பு எரியுது? இதுகூடவா தெரியாது உங்களுக்கு? இல்ல, தெரிஞ்சுதான் செஞ்சியளா?"

"மெள்ளப் பேசுடி. கடையில ஆள் நிக்காவ."

"நிக்கட்டும்! கேக்கட்டும்! அடுத்தவ பிழைப்புல காரத்தக் கொட்டிட்டு என்ன கமுக்கமா தேங்கா துருவுதிய!"

கிருஷ்ணவேணி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி துருவ ஆரம்பித்தாள். 

சத்தம் கேட்டு அவள் கணவன் ஸ்ரீகுமார் கடையிலிருந்து ஓடி வந்தான். தகட்டைப் புரட்டிப் பார்த்தான். "சரி விடு, புதுசு வாங்கிரலாம்."

"வாங்குத விலையில இன்னொரு தொட்டியே வச்சிரலாம். புக் பண்ணி அது வந்து சேரதுக்குள்ள உங்க அண்ணன் மாடிக்குப் பூட்டுப் போட்டிருவாவ."

"அப்போ சப்பாத்தி சுத்துற ஃபாயில ஒட்டுவோமா?"

"ஒட்டுவிய! சுருக்கம் விழுந்தா வெளிச்சம் திட்டுத்திட்டாச் சிதறும். அதுக்கு வெள்ளைப் பெயிண்ட்டே மேல். பின்னால சந்துல பிரஸ் இருக்குல்லா? நோட்டீஸ் அடிச்சுட்டுக் கழிச்சுப்போட்ட பிளேட்டு எடைக்குக் குடுப்பாவ. அதும் அலுமினியம்தான். வளைசல் இல்லாததாப் பாத்து எடுங்க. ஓடுங்க!"

ஸ்ரீகுமார் ஓடினான்.

வந்த பிளேட்டுகளின் ஒரு பக்கம் முழுக்க ஏதோ கல்யாண மண்டபத்தின் விளம்பரம். திவ்யா அதை மேலே போகும்படி திருப்பினாள். பின்பக்கத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும் பளிச்சென்று முகம் காட்டியது. பழைய தகட்டை அளவுக்கு வைத்துக் கத்தரித்து, பி.வி.சி. குழாய்மேல் போட்டு உள்ளங்கையால் அழுத்தி வளைத்தாள். ஒவ்வொரு டியூப்புக்கும் தனித்தனி வளைவு. சூட்டுக்கும் ஷாக்குக்கும் பயந்து, டியூப்பிலோ ஒயரிலோ தொடாதபடி இடைவெளி விட்டு முறுக்கினாள். விளிம்பு விரலைக் கிழித்தது. புடவையில் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கிருஷ்ணவேணியின் கழுத்தாக நினைத்துத் திருகினாள்.

கடைசி ஸ்க்ரூ இறுகும்போது படியில் செருப்புச் சத்தம். முன்னால் ஷிஜா. பின்னால், பூட்டும் சாவியுமாக ஹரிகுமார்.

"நாலஞ்சு நாளா செடிக்குச் சொகமில்ல, கேட்டியளா," என்றார் அவர் ஷிஜாவிடம், யாரும் கேட்காமலே. "பாத்துட்டு மனசில உள்ளதச் சொல்லுங்க. எங்க வீட்டுப் பொண்ணுன்னு பாக்க வேண்டாம்."

திவ்யா பல்லைக் கடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

வெளிச்சம் தொட்டியின் அடிமணல்வரை இறங்கி நின்றது. ஓரத்து இலைகள் பழுத்திருந்தன, வாஸ்தவம். ஆனால் நுனிக்குருத்து முழுக்கச் சிவப்பு. வெற்றிலை போட்ட நாக்கு மாதிரி சிவப்பு.

"அய்யோ, கொள்ளாமல்லோ சேச்சி! ரொம்ப நல்லாருக்கு!" ஷிஜா கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்தாள். "எனக்கு இது மதி, இதே போதும். எல்லாத் தொட்டிக்கும் நீங்கதான் தரணும்."

 ஹரிகுமார் கையிலிருந்த பூட்டு சத்தமில்லாமல் வேட்டி மடிப்புக்குள் போனது.

காலடியில் கிடந்த பழைய தகட்டை ஷிஜா எடுத்துப் பார்த்தாள். "இது எங்ஙன இப்படிக் கறுத்துப் போச்சு?"

ஹரிகுமார் வாய்விட்டுச் சிரித்தார். கிருஷ்ணவேணி காப்பித் தட்டோடு அப்போதுதான் படியேறி வந்துகொண்டிருந்தாள். அவளைக் கையால் காட்டினார்.

"இதோ வாரா பாருங்க, அலுமினியக் கடைக்காரன் பெண்டாட்டி! காரத்துல போட்டு ஊற வச்சிருக்கா, மடச்சி. சாமான் வாங்க வார ஒவ்வொருத்தர்ட்டயும் 'காரம் படக்கூடாது, காரம் படக்கூடாது'ன்னு தொண்ட கிழியச் சொல்லித்தான் விக்கேன். சொந்த வீட்டுக் கழுதைக்கு மட்டும் ஏறல்ல. திவ்யா, நீ இவள நல்லாக் கேட்டது சரிதான். இன்னும் ரெண்டு கேளு!"

தட்டு ஜன்னல் திட்டில் டமாரென்று இறங்கியது. காப்பி நாலாபக்கமும் சிதறியது. கிருஷ்ணவேணியின் முகம் திவ்யா இதுவரை பார்த்திராத முகமாக இருந்தது.

"கழுதையா?" என்றாள்.  "காலையிலேருந்து இவ கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு ஒரு வார்த்த பேசாம இருந்தேனே, அதுக்கா?"

"ஏய், கீழ போ," என்றார் ஹரிகுமார். சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் போகவில்லை. கையை ஹரிகுமார் பக்கம் நீட்டியபடி திவ்யாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"நான் விளக்குக்குப் புளிதான் கரைச்சு வச்சிருந்தேன் திவ்யா. தகட்டக் கழத்திக் கொண்டுவந்து என் கையில தந்தது இவிய. 'இதுக்குப் புளி ஆகாது, வெந்நீர்ல போட்டு ஊற வை'ன்னு சொல்லிக் காரப் பொட்டலத்தப் பிரிச்சுக் கொட்டினதும் இவியதான்."