இரண்டு மஞ்சள் சட்டை

மேக்கப் போட்டு நாலு மணி நேரம் ஆகிவிட்டது. 'ஒட்டடை' என்று பெயரெடுத்த அந்த ஒல்லிச் சிரிப்பு நடிகர் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் சட்டை கசங்கும். கசங்கினால் உடுப்புக்காரர் மூக்கால் அழுவார். மஞ்சள் சட்டை, மார்புக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. படத்தில் பாதிக்கு மேல் இந்தச் சட்டையோடுதான் வருகிறார். தகரக் கூரை கொதித்தது. உள்ளே விளக்குக்காரர்கள் யாரையோ திட்டிக்கொண்டு கம்பிகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

போன் அடித்தது. எடுத்து வலது காதில் வைத்துக்கொண்டார். இரண்டு வருடமாக வலது காதுதான். மறுமுனையில் மனைவி.

"எடுத்தாச்சா?"

"இன்னும் கூப்பிடலை."

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"நீதான் காலையிலேருந்து ஓதிக்கிட்டே இருக்கியே, எப்படி மறக்கும்?"

"கன்னத்துல இன்னொரு அறை வாங்கிட்டு வந்தீங்கன்னா இந்த வாசப்படிய மிதிக்காதீங்க. சொல்லிட்டேன்."

இடது காதில் மிச்சமிருப்பது கால்வாசி. இன்னொரு அடி விழுந்தால் அதுவும் போய்விடும், தலைசுற்றல் நிரந்தரமாகத் தங்கிவிடும், நேராக நிற்பதே கஷ்டம் என்று டாக்டர் படம் வரைந்து காட்டியிருந்தார். நிற்க முடியாத ஆளை வைத்து யார் படம் எடுப்பார்கள்?

மேடையில் ஆடிய பதினெட்டு வருடத்தில் ஒட்டடை ஒரு அடிகூட வாங்கியதில்லை. தொழிற்சாலை வாசலில், பள்ளிக்கூட மைதானத்தில், நாலு பெஞ்சை ஒட்டிப் போட்ட மேடையில் ஆயிரக்கணக்கான அறைகள் 'வாங்கி'யிருக்கிறார். எதிராளி கையை வீசுவான். கை கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போகும். திரைக்குப் பின்னால் மனைவி இரண்டு கையையும் ஓங்கித் தட்டுவாள். இவர் தலை திரும்புவதும் அவள் கை சேர்வதும் ஒரே நொடி. அந்த நொடி தப்பியதே இல்லை. முன்வரிசையில் பெண்கள் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுத்தான் சிரிப்பார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் அண்ணன், "அந்தக் குச்சியையா கட்டிக்கப் போற?" என்று கேட்டதற்கு, "ஊர் பார்க்கத் தினமும் அறையறேன், திருப்பி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதைவிட நல்ல மாப்பிள்ளை எங்க கிடைக்கும்?" என்றாளாம்.

சினிமாவுக்கு வந்ததும் கதை மாறியது. முதல் படத்தில் கதாநாயகன் நிஜமாகவே அறைந்துவிட்டான். ஏதோ ஆர்வக்கோளாறு. தியேட்டரில் கூரை பிய்ந்துகொண்டு போவதுபோல் சிரித்தார்கள், படம் ஓடியது. அன்றிலிருந்து அது ராசியாகிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து பதினொரு படம். பதினொன்றிலும் ஒரு அறை, நிஜ அறை. அறை இல்லாமல் படத்தை முடித்தால் விநியோகஸ்தர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். போஸ்டரில்கூட ஒட்டடையின் திரும்பிய கன்னம்தான்.

பன்னிரண்டாவதுக்குக் கூப்பிட்டார்கள்.

உள்ளே ஒரு சலூன் கடை அமைத்திருந்தார்கள். கதாநாயகன் கையை உதறிக்கொண்டு நின்றான்.

"வாங்கண்ணே. ஒரே டேக்ல முடிச்சிடலாம்."

"தம்பி, இந்தத் தடவை கையை வீசுங்க, படவேண்டாம். நான் தலையைத் திருப்பிக்கறேன். சத்தத்தை அப்புறம் சேர்த்துக்கட்டும்."

"என்னண்ணே, புதுசா?"

"புதுசு இல்ல. இதுதான் பழசு. நீங்க வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் பண்ணிக்கிட்டிருந்தேன்."

கதாநாயகன் சிரித்தான். டைரக்டர் நகத்தைக் கடித்தார். "ராசின்னு ஒண்ணு இருக்குல்லண்ணே. பட்டாத்தான் கன்னம் அதிரும். குளோசப்ல தெரிஞ்சிடும்."

"என் காது போயிடும்."

"ஒரே ஒரு அடிண்ணே."

"ஒண்ணும் கிடையாது, அரையும் கிடையாது." ஒட்டடையின் குரல் மேடைக் குரலாக உயர்ந்தது. கம்பி பிடித்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சட்டை கம்பெனியோடது. உள்ள இருக்கற உடம்பு என்னோடது. கை வைக்கக் கூடாது."

பதினொரு படத்தில் எழுதிக் கொடுத்த வசனத்தைத் தவிர அவர் கதாநாயகனிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.  சொல்லி முடித்ததும் உள்ளுக்குள் என்னவோ பெரிய பாரம் இறங்கியது போலச் சுகமாக இருந்தது.

தயாரிப்பு மேலாளர் ஓடிவந்து தோளில் கை போட்டார். "சண்டை எதுக்குண்ணே? உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம். அறையைப் பின்னாலேருந்து எடுத்துக்கலாம். நீங்க குளோசப் மட்டும் குடுங்க." பிறகு வாசல் பக்கம் பார்த்துக் கத்தினார்: "முதுகைக் கூப்பிடு!"

முதுகு என்பது ஒட்டடைக்கு டூப் போடும் ஆள். அதே உயரம், அதே ஒல்லி. ஏணியிலிருந்து விழுவது, சாக்கடையில் குதிப்பது எல்லாம் அவன் பங்கு. இத்தனை படத்தில் அவன் முகம் ஒரு தடவைகூடத் திரையில் வந்ததில்லை. எல்லாச் சட்டையையும் இரண்டாகத்தான் தைப்பார்கள். ஒன்று இவருக்கு, ஒன்று அவனுக்கு. அவன் மஞ்சள் சட்டையோடு தயாராகவே நின்றான்.

ஒட்டடை அவனை ஓரமாக இழுத்துப் போனார். "முடியாதுன்னு சொல்லுடா."

"நீங்க சொன்னீங்க, உங்களுக்குப் பதிலா என்னைக் கூப்பிட்டாங்க. நான் சொன்னா எனக்குப் பதிலா இன்னொருத்தனைக் கூப்பிடுவாங்க. அவ்வளவுதானேண்ணே?"

ஒட்டடை அவன் கையை விட்டுவிட்டார்.  வெளியே வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை நன்றாகச் சாய்ந்தார்.

முதல் அறை கேட்டது. பின்னாலேயே சிரிப்பு. "ஒன் மோர்!" இரண்டாவது. சிரிப்பு. கை கேமராவை மறைக்கிறதாம், மூன்றாவது. ஒட்டடை கண்ணை மூடிக்கொண்டார். தான் காப்பாற்றிய காது இருக்கிறதே, கால்வாசியானாலும் அது ஒவ்வொரு அறையையும் விடாமல் கேட்டது. நாலாவது அறைக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

எழுந்து உள்ளே ஓடினார். முதுகு தரையில் உட்கார்ந்திருந்தான். இடது காதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் இறங்கி மஞ்சள் காலரில் ஊறிக்கொண்டிருந்தது. "ஐஸ்! ஐஸ் கொண்டா!" என்று யாரோ கத்த, ஒருவர் கிண்ணத்தோடு ஓடிவந்தார். முதுகைத் தாண்டிப் போய்க் கதாநாயகன் முன்னால் நீட்டினார். அவன் வலது கையை ஐஸுக்குள் வைத்துக்கொண்டு, "ஸ்ஸ்… எலும்பு மாதிரி கன்னம்டா உனக்கு" என்றான்.

ஒட்டடை முதுகின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"அண்ணே, குளோசப் பாக்கி இருக்கு," என்றார் டைரக்டர்.

"குளோசப்தானே? அந்த ஐஸை எடுத்துக்குங்க."

இரண்டு பேரும் வெயிலில் நடந்தார்கள். கேட்டை எட்டுவதற்குள் மேலாளர் காவலாளியின் போனில் வந்துவிட்டார். காவலாளி சங்கடமாக நெளிந்தார். "சார், ஆள் போகட்டுமாம். சட்டை வெளிய போகக் கூடாதாம். ரெண்டு சட்டையும் போயிட்டா நாளைக்கு ஷூட்டிங் நின்னுடுமாம்."

"நிக்கட்டும். நாங்க இவ்வளவு நாள் நிக்கலையா?" என்று ஒட்டடை தாழ்ப்பாளைத் தானே நீக்கினார். காவலாளி தடுக்கவில்லை, கேட்டை இன்னும் கொஞ்சம் அகலமாகவே தள்ளிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பதிவு ஜன்னல் முன்னால் நீண்ட வரிசை. வரிசையில் நிற்கும்போது மேலாளர் போன் செய்தார். வலது காதுக்குள் தேன் ஒழுகியது.

"கோபம் வேண்டாம்ணே. பையனோட செலவு மொத்தமும் கம்பெனி பார்த்துக்கும். பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததா மட்டும் எழுதிடுங்க. போன தடவை நீங்க எழுதினீங்களே, அதே மாதிரி."

ஆமாம், எழுதினார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஓர் ஆஸ்பத்திரித் தாளில், அறைந்தது கதாநாயகன் என்று தெரிந்தும், பாத்ரூம் தரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த படத்துக்கு உடனே கூப்பிட்டார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பிறகு நஷ்டஈடு கேட்கப் போனபோது நடிகர் சங்கத்தில், "உங்க வீட்டு பாத்ரூமுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?" என்று கேட்டார்கள். இவன் தாளிலும் பாத்ரூம் ஏறினால் இவனுக்கும் அதே கேள்விதான். ஒட்டடை போனை அணைத்தார்.

"வலிக்குதாடா?" என்றார் முதுகின் இடது பக்கத்திலிருந்து. அவன் திரும்பவில்லை.

ஜன்னலுக்குள் இருந்த பெண் தலையைத் தூக்கினாள். ஒட்டடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள். ஒரே சட்டையில் இரண்டு ஒல்லி ஆட்கள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், நீங்களா! எப்படி அடிபட்டது இவருக்கு?"

"படப்பிடிப்புல. கதாநாயகன் அறைஞ்சு. ஒரு தடவை இல்ல, நாலு தடவை. அப்படியே எழுதுங்க."

அவள் கை தளர்ந்து பேனா மேஜையில் விழுந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அதே அறையா சார்? முகத்தை எப்படித்தான் அப்படி வெச்சுக்கறீங்களோ! கேமரா எங்க ஒளிச்சிருக்கீங்க?" கேமரா என்றதும் வரிசை கலைந்தது. கையில் கட்டுப் போட்டவர், குழந்தையைத் தோளில் போட்டவள், சக்கர நாற்காலியில் இருந்தவர் எல்லாரும் நெருங்கிவந்து சிரித்தார்கள். யாரோ போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"விளையாட்டு இல்லம்மா. நிஜமா அறைஞ்சான்."

சிரிப்பு இன்னும் உயர்ந்தது. சிரிக்க வைக்கத் தெரிந்த மனிதருக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. முதுகு மலங்க மலங்கப் பார்த்தான். என்ன பேசினார்கள் என்று அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று, காதைப் பொத்திய கையை எடுக்காமலே, அவனும் மரியாதைக்குச் சிரித்தான்.

ஒட்டடை இரண்டு கையையும் ஜன்னல் பலகையில் ஊன்றிக்கொண்டார். பின்னால் இருந்தவர்கள் தள்ளியும் நகரவில்லை.

"பேனாவை எடும்மா," என்றார். "படப்பிடிப்புல. கதாநாயகன் அறைஞ்சு. நீ எழுதற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பேன்."

அந்தப் பெண் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ, போதும் சார், வயிறு வலிக்குது," என்றாள்.

"படப்பிடிப்புல," என்று அவர் மறுபடி ஆரம்பித்தார்.