சுஜாதாவின் மூளைப் படகு

மாலை போட்டிருந்த பையனுக்கு ஆம்லெட்டை அனுப்பினால் யார்தான் பொறுப்பார்கள்? பாவம், அந்த ஐயப்ப பக்தன் பதறிப்போய் இலையை விட்டு எழுந்தே போய்விட்டான். பொத்தேரியில் சுஜாதா மெஸ்ஸுக்கு இருந்த பேரே, அவள் சீட்டு எழுதாமல் எல்லா மேஜைக்கும் ஆர்டர் வாங்குவாள் என்பதுதான். அந்தப் பேருக்கு அன்றைக்கு வேட்டு விழுந்தது.

"இனிமே நீ சமையக்கட்டுல இரு. ஆர்டர் எடுக்கிற மிஷினு வாங்கிடலாம்" என்றான் புருஷன் ஜெயக்குமார்.

ஹாஸ்டல் பிள்ளைகள் 'அக்கா, அக்கா' என்று மொய்க்க நடுவில் நிற்பதுதான் சுஜாதாவுக்கு உயிர். அதை விட்டுவிட்டு அடுப்புக்கு முன்னால் வேகச் சொன்னால் எப்படி?

"ஒரு மாசம் டைம் குடு. மறுபடி தப்பு வந்தா நானே உள்ள போய்டறேன்" என்றாள்.

வழி சொன்னவன் அபிஷேக். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவன். மூன்று வேளையும் இங்கேதான் சாப்பாடு. "நல்லா இருக்கிறவங்களுக்கே மூளை அலைப் பயிற்சியால ஞாபகசக்தி கூடுமான்னு பாக்கறோம்க்கா. தலையில ஒயர் ஒட்டுவோம். மனசு நிலையா இருந்தா திரையில படகு ஓடும், அலைஞ்சா நின்னுடும்" என்றான். காசு கேட்கவில்லை என்றதும் சுஜாதாவோடு ஜெயக்குமாரும் பயிற்சிக்குத் தன் பேரைக் கொடுத்துவிட்டான்.

மூளைக்கு நல்லதாயிற்றே என்று முதல் நாள் சுஜாதா தலை வழிய எண்ணெய் வைத்துக்கொண்டு போனாள். ஒயர் ஒன்றாவது ஒட்ட வேண்டுமே. சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பினான் அபிஷேக்.

அப்புறம் தினமும் மதியக் கூட்டம் கலைந்ததும் அரை மணி நேரம் பயிற்சி. குளுகுளு அறை, மெத்தை நாற்காலி, மாமல்லபுரத்துக் கடல் மாதிரி நீலத் திரை. அதில் அவள் படகு என்ன ஓட்டம் ஓடியது தெரியுமா? அங்கே படகு ஓட ஓட, இங்கே மெஸ்ஸில் முட்டைக் கலக்கி கேட்டவனுக்குக் கலக்கியும் வீச்சுப் பரோட்டா கேட்டவனுக்கு வீச்சும் பிசகாமல் போயின. மாதம் முடிந்தது. மிஷின் பேச்சை ஜெயக்குமார் எடுக்கவே இல்லை.

ஆராய்ச்சியும் முடிந்து, அபிஷேக் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"அக்கா, பாதிப் பேருக்குத்தான் நெஜப் பயிற்சி. மீதிப் பேருக்கு சும்மா, ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு. நீங்க சும்மா பக்கம். நீங்க பாத்தது அண்ணனோட மூளை ஓட்டுன படகு. பதிவு பண்ணி உங்களுக்குப் போட்டோம். அண்ணன் சொல்லலாம்னாரு, அதான் சொல்றேன்."

ஜெயக்குமார் மீசையை நீவிக்கொண்டான். "பாத்தியா, என் மூளையாலதான் நீ தேறிக்கீற."

நாளைக்கே பழையபடி மறந்துபோகுமோ என்று சுஜாதாவுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"சரிய்யா. ஒன் மூளையப் பாத்து நான் தேறிட்டேன். ஒன் மூளைய நீயே பாத்துகினு இருந்தியே, நீ இன்னா தேறின? நேத்து கூட கேஸை அணைக்காம போய்ட்ட."

அபிஷேக் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தான். "எதனால தேறுனீங்கன்னு எங்களுக்கே தெரியலக்கா. நம்பிக்கையா இருக்கலாம். இல்ல, ஓய்வா இருக்கலாம். அங்க இருந்தப்ப யாரும் உங்கள கூப்பிடலல்ல?"

சுஜாதா யோசித்தாள். அச்சரப்பாக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாளாக, அரை மணி நேரம் யாரும் தன்னைக் கூப்பிடாமல் இருந்தது அந்த நாற்காலியில் மட்டும்தான். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மறுநாள் மதியம் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். "அரை மணி நேரம் நான் இல்ல. கடையப் பாத்துக்க."

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஜெயக்குமாரின் குரல் வந்தது. "சுஜாதா, பொட்டுக்கடல எங்க கீது?"

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"சுஜாதா, காதுல வுழுதா இல்லியா?"

கண்ணை மூடிக்கொண்டாள். டப்பாக்கள் உருண்டன, ஏதோ கொட்டியது, யாரையோ திட்டினான். பிறகு, "சரி சரி, கெடச்சிடுச்சி" என்றது குரல். சுஜாதா காலை நீட்டிக்கொண்டாள்.